முதல் புத்தகம் வேண்டாம்

மொன்ட்ரியால்
16 பங்குனி 2003

அன்புள்ள தவமலர்,

நீ உயிரோடு இருக்கிறாயா என்று அறிய ஆவல். தையில் ஒரு கடிதம் போட்டேன், மாசியில் ஒன்று போட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. போன வருடம் கணினியிலும் எழுதிப் பார்த்தேன். என் தமிழ் முழுவதும் உன் பள்ளிக்கூடத்துக் கணினியில் சின்னச் சின்னப் பெட்டிகளாக வந்ததாகச் சொல்லியனுப்பினாய். அதனால் மறுபடி பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் அம்புறோசும் நலம். பனி கரைந்தபாடில்லை. எங்கள் மாடிப்படிக்குத் தூவுகிற உப்பில் சப்பாத்தெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது என்று அவர் காலையில் தொடங்கினால் இரவு வரை புறுபுறுப்புத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மருந்துக்கடையில் காசு வாங்கும் மேசையில் நான் நிற்பது உனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பவள் ஸொஹ்ரே, ஈரான்காரி. ஏழு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். அவளுடைய அம்மா யார் என்பது போன வருடம்தான் எனக்குத் தெரியவந்தது. நஸ்தரன் கெய்வானி. நீயும் நானும் கேள்விப்படாத பெயர். ஆனால் ஈரானில் டாக்சிக்காரரும் அவருடைய நாலு வரியைப் பாடமாகச் சொல்வார்களாம்.

கஸ்பியன் கடலோரம் எந்நேரமும் மழை பெய்யும் ஊரில் பிறந்தவர். இருபத்துமூன்று வயதில், கல்யாணம் முடித்து, ஸொஹ்ரே வயிற்றில் இருக்கும்போது முதல் புத்தகம் வந்தது. முழுக்கக் காதல் கவிதைகள். காதலன் கணவன் இல்லை என்று வாசிக்கிற எவருக்கும் விளங்கும். கணவன் வீட்டார் கடை கடையாகப் போய் எல்லாப் பிரதிகளையும் வாங்கி எரித்தார்கள். ஒரே மாதத்தில் எல்லாம் விற்றுவிட்டதே என்று பதிப்பாளர் மகிழ்ந்துபோய் இன்னும் கூட அச்சடித்தார்! பிறகு மூன்று புத்தகங்கள். நாட்டில் ஆட்சி மாறியபின் ஒன்றும் அச்சில் வரவில்லை. மகளோடு இங்கே வந்து, கோட்-தே-நேஜ்ஜில் மூன்றாம் மாடியில் பன்னிரண்டு வருடம் இருந்து, எழுதி, 98இல் போய்ச் சேர்ந்தார். நகரத்துக்கு நடுவில் இருக்கிற மலையில் புதைத்திருக்கிறார்கள். நினைவு நாளுக்கு ஆட்கள் வந்து கல்லறையைச் சுற்றி நின்று கவிதை சொல்வார்கள். எல்லாம் முதல் புத்தகக் கவிதைகள்தானாம். கிழவி இங்கே எழுதியதை யாரும் தொடுவதில்லை.

தவம், அந்தக் கடைசிக் கவிதைகள்! ஞாயிறு பூசை முடிய நான் ஸொஹ்ரே வீட்டுக்குப் போவேன். அவள் பாரசீகத்தில் வாசிப்பாள், பிறகு பிரெஞ்சில் சொல்வாள். என் பிரெஞ்சு மருந்துக்கடைப் பிரெஞ்சு. விளங்காவிட்டால் எழும்பி நின்று நடித்துக் காட்டுவாள். ஒரு கவிதைக்கு ஒரு கேத்தில் நிறையத் தேநீர் போகும். இதோ ஒரு துண்டு:

பேருந்து ஓட்டுபவன்
எனக்காகப் படியைத் தாழ்த்தினான்.
எனக்காக ஒருவரும் ஒன்றையும்
தாழ்த்தாத நாட்டிலிருந்து வந்தவள்
ஏற மறந்து நின்றேன்.

போன ஞாயிறு ஸொஹ்ரேயிடம் கேட்டேன், இதையெல்லாம் தமிழில் அச்சிடலாமா என்று. நெஞ்சில் கை வைத்து, "அவை உன்னுடையவை. இதைக் கேட்கவும் வேண்டுமா? எடுத்துக்கொள்" என்றாள். எங்கள் எழுத்தாளர்களின் பிள்ளைகள் யாரிடமாவது இந்தப் பெருந்தன்மையைக் கண்டிருக்கிறாயா? முன்னுரை யார் எழுதுவது என்பதில் தொடங்கி மூன்று வருடம் இழுத்திருப்பார்கள்.

நீ நடத்துகிற "நீர்க்கால்" இதழில் போடுவாயா? பதில் போடு. இந்த முறையாவது.

உன்
மெற்றில்டா


யாழ்ப்பாணம்
20 சித்திரை 2003

என் அன்புக்குரிய கோபக்காரி மெற்றில்டாவுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். பாடசாலை, அச்சகம், சீனி கூடிக் குறைகிற அம்மாவின் சலரோகம், இவற்றுக்கிடையில் இருக்கிறேன். போர்நிறுத்தத்தில் பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து தாள் வருகிறது, மை வருகிறது, ஆட்களும் வருகிறார்கள். எல்லோருக்கும் தேநீர் ஊற்றி முடிய என் நாள் முடிகிறது. குறை சொல்வதென்றால் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சொல்.

உன் நஸ்தரன் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டார். இந்த ஆண்டுக் கடைசி இதழை அவருக்கென்றே சிறப்பிதழாகப் போடுகிறேன். ஆனால் ஒன்று, அடி, கோபிக்காதே. எனக்கு வேண்டியது முதல் புத்தகம். கடை கடையாக வாங்கி எரித்தார்கள் என்று நீயே எழுதிவிட்டு, பேருந்துப் படியைக் கொண்டுவந்து என் கையில் தருகிறாயே! இங்கே என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேருந்து வந்தாலே பெரிய காரியம், படியைத் தாழ்த்துவது இருக்கட்டும். கிழவியின் முழங்கால் நோவை யார் வாசிப்பார்கள்? இருபத்துமூன்று வயதுக்காரி என்ன எழுதினாள் என்று சொல்.

வாழ்க்கைக் குறிப்பும் விரிவாக வேண்டும், அந்தக் காதலன் யார், பிறகு என்ன ஆனான் என்று. படமும் வேண்டும். படம் இல்லாவிட்டால் கடைக்காரர் இதழை முன்னுக்கு வைக்க மாட்டார்.

மகள் சொன்ன சம்மதத்தை ஒரு துண்டில் எழுதி வாங்கினால் நல்லது.

அம்புறோஸ் அத்தானுக்கு என் அன்பு. சப்பாத்தைப் பழைய துணியால் துடைக்கச் சொல்.

மாறாத அன்புடன்
தவமலர்


மொன்ட்ரியால்
25 வைகாசி 2003

தவம்,

கோபிக்காதே என்று எழுதிவிட்டால் கோபம் வராதா? வந்தது. உன் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

முழங்கால் நோவு என்று எழுதினாயே, உனக்கும் எனக்கும் நாற்பத்தாறு. நாங்கள் இருவரும் படியேறும்போது என்ன பாட்டா பாடுகிறோம்? பல்கலைக்கழக விடுதியில் ஒரு கட்டிலில் இருந்துகொண்டு இங்கிலீசுக் கவிதைகளைத் தமிழாக்கிய நாட்களில், "எல்லாப் பெண்ணையும் இருபத்துமூன்றிலேயே நிற்பாட்டி வைத்திருக்கிறாங்கள்" என்று கத்தியவள் நீ. அதை நான் மறக்கவில்லை.

ஆனாலும் கேட்டாய் என்று முதல் புத்தகத்திலிருந்து ஒன்பது கவிதை செய்திருக்கிறேன். அவற்றைச் சொல்லித்தரும்போது ஸொஹ்ரே தேநீர்க் கோப்பையைக் கழுவுகிறேன் என்று எழும்பி எழும்பிப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். இந்த முறை நடித்துக் காட்டவும் இல்லை. உடம்பு சரியில்லையாக்கும் என்று நினைத்தேன்.

பிந்திய கவிதைகள் இருபத்திரண்டையும் இதே உறையில் வைத்திருக்கிறேன். அவற்றை முன்னால் போடு, பழையவற்றைப் பின்னால் போடு. இது என் கோரிக்கை இல்லை, நிபந்தனை.

படம் ஒன்று தந்தாள். நஸ்தரன் கதிரையில் இருக்கிறார், ஸொஹ்ரே பின்னால் நிற்கிறாள். அவர்கள் வீட்டுக் குசினியில் எடுத்தது. வாழ்க்கைக் குறிப்பு இரண்டு பக்கம். காதலன் யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

எழுத்தில் சம்மதமோ? நெஞ்சில் கை வைத்துச் சொன்னவளிடம் போய்க் கையெழுத்துக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் வாக்கு போதும்.

ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, தவத்துக்கு இது பிடிக்குமா, இந்த இடத்தில் முகத்தைச் சுளிப்பாளா என்று யோசித்துத்தான் திருத்தினேன். கவனமாக வாசி.

மெற்றில்டா


மொன்ட்ரியால்
10 புரட்டாதி 2003

தவம்,

அவசரம். இதழை நிறுத்து. அச்சகத்துக்கு இரண்டு முறை தொலைபேசி எடுத்தேன். யாரோ எடுத்து, "ரீச்சர் கொழும்புக்குப் போட்டா, பேந்து எடுங்கோ" என்று வைத்துவிட்டார்கள். அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன். என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்கிறேன், சிரிக்காமல் கேள்.

போன சனி ஸொஹ்ரேயின் பிறந்தநாளுக்கு இனிப்பு வாங்க ஷேர்புறூக் தெருவில் ஒரு ஈரான் கடைக்குப் போனேன். பெட்டியைக் கட்டித் தந்தார் கடைக்காரர். எவ்வளவு என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்து, "உங்களுக்கு முன் இது ஒன்றுமே இல்லை, கொண்டுபோங்கள்" என்றார். உனக்குத் தெரியுமே, எங்கள் ஆட்களின் கடையில் பத்து வருடம் சாமான் வாங்கினாலும் ஒரு கறிவேப்பிலை நெட்டு சும்மா வராது. அதனால் யாராவது சும்மா தருகிறேன் என்றால் நான் உருகிப்போய்விடுகிறேன். ஸொஹ்ரேயின் தோழி என்று சொன்னதால் தருகிறார் என்று நினைத்து, நன்றி சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன், கடைக்காரரின் மனைவி வீட்டுச் செருப்போடு ஓடி வருகிறா. பாவம், அவவுக்குத்தான் என்னைவிட வெட்கம். அந்த மனிசி விளங்கப்படுத்தினா. அது அவர்களுடைய மரியாதையாம். கேட்டதும் "உங்களுடையது" என்றுதான் சொல்ல வேண்டுமாம். நாங்கள் மறுக்கவேண்டும், அவர்கள் மறுபடி தருவார்கள், மறுபடி மறுக்கவேண்டும். மூன்றாவது தரம் சொல்வதுதான் உண்மையான பதில். முதல் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறவர் அந்த ஊரிலேயே இல்லையாம்.

காசைக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறியிருந்தபோதுதான் எனக்குள் இடி விழுந்தது. "அவை உன்னுடையவை. இதைக் கேட்கவும் வேண்டுமா?" அதே கை, அதே நெஞ்சு. நான் மறுக்கவே இல்லை. உனக்குக் கடிதம் எழுத ஓடினேன்.

மறுநாள் ஞாயிறு நேரே போய்க் கேட்டேன். "என்னுடையவை என்று சொன்னேனே" என்றாள். இல்லை, உண்மையைச் சொல் என்றேன். "உன்னுடையவைதான், வீணாக யோசிக்காதே" என்றாள். மூன்றாவது தரமும் கேட்டேன். கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "முதல் புத்தகம் வேண்டாம். படம் வேண்டாம். மற்றதெல்லாம் சந்தோஷமாக எடுத்துக்கொள்."

ஏன் என்று நான் கேட்காமலே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று அந்தக் கவிதைகளைத்தான் பாடிக் காட்டுவார்களாம். ஆசிரியைமார் அவளுடைய முகத்தைப் பார்த்து, யாருடைய சாயல் என்று தேடுவார்களாம். அவளுக்குக் கல்யாணம் பேசி வந்தவர்களும் அதைத்தான் தேடினார்கள். கடைசியில் அம்மாவே, அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சிட விடாதே என்று சொல்லிவிட்டுத்தான் செத்தாராம். அப்படியென்றால் எனக்கு ஏன் வாசித்துக் காட்டினாய் என்று கேட்டேன். "நீ கேட்டாய். நீ என் தோழி. தோழிக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?" என்றாள்.

எனக்கு என்னில்தான் ஆத்திரம். உன்னில் இல்லை. அந்த ஒன்பதையும் எடுத்துவிடு, படத்தைத் திருப்பி அனுப்பு. இருபத்திரண்டையும் போடு. இதழ் மெலிந்தால் மெலியட்டும்.

மெற்றில்டா


யாழ்ப்பாணம்
12 ஐப்பசி 2003

அன்புள்ள மெற்றில்டா,

உன் கடிதம் கிடைத்தது. பொய் சொல்ல மாட்டேன். பிந்திக் கிடைத்தது என்று எழுதினால் நீ நம்பியிருப்பாய். பிந்திக் கிடைக்கவில்லை. அச்சுக்குப் போவதற்கு நாலு நாள் முன்பே என் கையில் இருந்தது. வாசித்தேன், யோசித்தேன், அச்சிட்டேன். ஒரு பிரதி இத்துடன் வருகிறது.

ஏன் என்று சொல்கிறேன். நீ போன பிறகு இந்த ஊரில் பதினாலு வருடம் இருந்தவள் நான். எதை அச்சிடலாம், எதை அச்சிடக் கூடாது என்று வந்து சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும். சிலர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், சிலர் சீருடையில் வந்தார்கள், சிலர் வெள்ளை வேட்டியில் வந்து என் கலாசாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். எல்லோருக்கும் தலையாட்டினேன். இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். இந்த நேரத்தில் மகளுக்கு வெட்கம் என்பதற்காக இன்னொரு தரம் தலையாட்டு என்கிறாய். கணவன் வீட்டார் நெருப்பு வைத்தார்கள். மகள் மரியாதையாகக் கேட்கிறாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் கவிதையை, "விளக்கை அணைக்காதே, சுவரும் பார்க்கட்டும்" என்று தொடங்குவதை, மெய்ப்புப் பார்க்க உதவிய உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொப்பியில் எழுதிவைத்திருந்தாள். "ரீச்சர், இப்பிடியும் எழுதலாமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அந்த ஒரு ஓமுக்காகத்தான் இந்த அச்சகத்தை வைத்திருக்கிறேன்.

இடம் போதாததால் பிந்திய கவிதைகளைச் சேர்க்க முடியவில்லை. படம் அட்டையில் நன்றாக வந்திருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பைக் கொஞ்சம் செப்பனிட்டேன். கவிஞர் சிறையில் இருந்ததாகவும் மகள் அங்கே பிறந்ததாகவும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முகம் சுளிக்காதே. இப்படி எழுதிவிட்டு ஒரு பெண் தண்டனை இல்லாமல் தப்பினாள் என்றால் எங்கள் வாசகர் நம்ப மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் வரும் சிற்றிதழ் கனடாவில் யாருடைய கண்ணில் படப்போகிறது? உன் தோழிக்குத் தமிழும் தெரியாது. நீ சொல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியவராது.

தவமலர்


மொன்ட்ரியால்
18 தை 2004

தவமலர்,

யாருடைய கண்ணில் படப்போகிறது என்று கேட்டிருந்தாய். பதில் எழுத மூன்று மாதம் பிந்தியது, பதில் தானாக வந்து சேரட்டும் என்று இருந்தேன். வந்துவிட்டது.

உன் இதழைக் கொழும்பிலிருந்து யாரோ டொரொன்டோவுக்குக் கொண்டுவர, அங்கிருந்து ஒரு கட்டு இங்கே வந்து, எங்கள் தெருவில் புட்டுமாவும் தொலைபேசி அட்டையும் விற்கிற கடையில் காசு மேசைக்கு முன்னால் தொங்குகிறது. நீ சொன்னபடி படம் இருப்பதால் முன்னுக்குத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கடையில் சாமான் வாங்குகிறவர்கள் எல்லோரும் எங்கள் கடையில்தான் மருந்து வாங்குகிறார்கள்.

ஸொஹ்ரே முதல் புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, பிறகுதான் சொன்னாள். உலகத்தில் எந்த மொழிக்குப் போனாலும் அங்கே ஒரு ஈரானியர் இருப்பார், தமிழுக்குள் மட்டும் தன்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்தாளாம். அவள் நாள் முழுக்க மருந்து கொடுப்பது தமிழருக்கு. பாதிப் பேரின் இரத்த அழுத்தம் அவளுக்குப் பாடம். இப்போது அவர்கள் அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும்.

முதலில் வந்தவ அக்னெஸ் அக்கா, எங்கள் கோவில் பாடகர் குழுவில் பாடுபவ. இடியப்பமும் சொதியும் பாத்திரத்தில் கொண்டுவந்து என்னிடம் தந்து, "பாவம் பிள்ளை, மறியலுக்கையாம் பிறந்தவ. இவ்வளவு நாளும் எங்களுக்குத் தெரியாமல் போச்சு. குடு மெற்றில்டா, சாப்பிடட்டும்" என்றா. கண் கலங்கிச் சொன்னா. அவவில் பிழை இல்லை. ஸொஹ்ரே அதை வாங்கிக்கொண்டு எதற்காக என்று என்னைப் பார்த்தாள். பிறந்தநாளுக்கு என்று சொன்னேன். மார்கழியில்! புரட்டாதியில் அவளுக்கு இனிப்பு வாங்கியவளும் நான்தானே.

பிறகு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், சலரோகத்துக்கு மாத்திரை எடுப்பவர். இதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, கூட வந்தவரிடம், "விளக்கை நூக்காதையாம்! அம்மா சொன்னது, மகள் எப்பிடியோ?" என்று சிரித்தார். அவள் தமிழ் அறியாதவள்தான். ஆனால் சிரிப்பு எந்த மொழியில் வந்தாலும் விளங்கும். அட்டையில் தன் குசினியும் தன் முகமும் இருப்பதையும் கண்டாள். அன்று மாலையே, தாய்க்கு மருந்து வாங்க வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டு, உன் வாழ்க்கைக் குறிப்பை வரி வரியாகப் பிரெஞ்சில் சொல்லவைத்தாள். அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, ஒன்றையும் விடவில்லை. சிறை வந்த இடத்தில் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவள் கத்தியிருக்கலாம். என் கன்னத்தில் இரண்டு போட்டிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். மறுநாள் வந்து, இத்தனை வருடமும் என்னை நீ என்றவள், "நீங்கள் என் அம்மாவுக்காக மிகவும் பாடுபட்டிருக்கிறீர்கள். உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்" என்றாள். அது அவர்கள் நன்றி சொல்லும் விதம். அந்நியருக்குச் சொல்லும் விதம். இந்தக் கிழமையோடு மொன்ட்ரியால்-நோரில் இருக்கிற எங்கள் மற்றக் கடைக்கு மாறிப் போகிறாள். அங்கே தமிழர் குறைவு.

கணவன் வீட்டாருக்கும் மகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதினாய். மகள் எதையும் எரிக்கவில்லை. மூன்றாவது தரம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்து இரண்டே இரண்டு 'வேண்டாம்' சொன்னாள். அந்த இரண்டையும் நீ செய்தாய். வேண்டும் என்று சொன்ன இருபத்திரண்டையும் விட்டுவிட்டாய். மோட்டார் சைக்கிளில் வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டிய ஆத்திரத்தை, உன்னைத் தேடி வர முடியாத ஒருத்தியில் தீர்த்துக்கொண்டாய். அந்தப் பிள்ளையின் கொப்பிக்காக என்று சொல்வாய். எனக்கும் அந்தப் பிள்ளையில் அன்புதான். அதற்காக ஸொஹ்ரே என்ன, சும்மா கிடந்த விறகா?

 நிறுத்துகிறேன்.

மெற்றில்டா


யாழ்ப்பாணம்
22 மாசி 2004

மெற்றில்டா,

உன் கடிதத்துக்கு ஒரு பதில் எழுதிக் கிழித்தேன். அதில் நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது, அதனால்தான் கிழித்தேன். இது வேறு.

சிறை விஷயம் பிழை. அதற்கு மன்னிப்பு எழுதி அடுத்த இதழில் போடுகிறேன். கவிதைகளை அச்சிட்டது பிழை என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. கொக்குவிலிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பெண்கள் எழுதுகிறார்கள். ஒருத்தி இரண்டு பிள்ளைகளின் தாய், பெயர் போடாமல் எழுதியிருக்கிறாள், நான் இதுவரை நினைத்ததையெல்லாம் நினைக்கலாம் என்று இப்போதுதான் தெரிந்தது என்று. அந்த வரிக்கு முன்னால் எந்த நியாயத்தைக் கொண்டுவந்து வைப்பாய்?

நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. போன கிழமை பரீட்சை மேற்பார்வைக்குப் போனேன். மூன்று மணி நேரம் பிள்ளைகளின் தலைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். உன் பழைய உறையைக் கொண்டுபோனேன். அந்த இருபத்திரண்டும் நான் வாசிக்காமலே கிடந்தவை. ஓம், வாசிக்காமல்தான் இடம் போதவில்லை என்று எழுதினேன். மாத்திரைப் பெட்டிக் கவிதைக்கு வந்தேன்.

திங்கள் செவ்வாய் என்று
என் நாட்களை மகள் அடுக்குகிறாள்.
அவளுக்குரிய நாட்களை
ஒரு காலத்தில் நான்
கவிதைக்குக் கொடுத்துவிட்டேன்.
அவள் ஒன்றையும் குறைக்காமல்
எனக்கு நிரப்பித் தருகிறாள்.

பிள்ளைகளுக்கு முன்னால் அழுதுவிட்டேன், மெற்றில்டா. ஒருத்தி எழும்பி வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். என் அம்மாவுக்கு நான் மாத்திரை போட்டுக் கொடுக்கிறேன், நேரம் பிந்தினால் எரிந்து விழுகிறேன், இதழ் வேலை கிடக்கிறது என்று. நாற்பத்தாறு வயதில் எனக்கு வேண்டிய கவிதை அந்த உறைக்குள் எட்டு மாதமாகக் கிடந்திருக்கிறது. நீ சொன்னது சரி. இதுதான் அவர். மற்றது அவர் புறப்பட்ட இடம், அவ்வளவுதான்.

இருபத்திரண்டையும் புத்தகமாகப் போடுகிறேன். வேறு ஒன்றும் சேர்க்க மாட்டேன். படம் இல்லை, குறிப்பு இல்லை, முன்னுரை இல்லை. உன் பெயரும் அவர் பெயரும் மட்டும். அவள் இதற்குச் சம்மதம் தந்தவள்தானே. என்றாலும் இந்த முறை நீயே போய் ஒரு வார்த்தை கேட்டு எழுது. அவள் ஓம் என்ற பிறகுதான் அச்சில் ஏற்றுவேன்.

கேட்பாயா?

தவம்


மொன்ட்ரியால்
4 சித்திரை 2004

அன்புள்ள தவம்,

போன சனி பேருந்தில் மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். உன் கடிதம் கைப்பையில் இருந்தது. ஸொஹ்ரே கடைக்குப் பின்னால் கதிரை போட்டு இருத்தி, காகிதக் கோப்பையில் தேநீர் தந்தாள். அம்புறோசின் முதுகு எப்படி என்று கேட்டாள். அக்னெஸ் அக்காவின் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று உள்ளே பிஸ்தா நிரப்பித் தந்தாள். எல்லாவற்றையும் நீங்கள், உங்கள் என்றுதான் பேசினாள். கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

அரை மணி நேரம் இருந்தேன். நீ கேட்கச் சொன்னதைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஏன் என்றால், கேட்டால் தந்துவிடுவாள். நெஞ்சில் கை வைத்து, உங்களுடையவைதான் என்பாள். இரண்டாம் தரம் கேட்டாலும் தருவாள், மூன்றாம் தரம் கேட்டாலும் தருவாள். மூன்றாம் தரம் உண்மை சொல்வது தோழிகளுக்கு. எனக்கு இனி எத்தனை தரம் கேட்டாலும் மரியாதைதான் கிடைக்கும். அவள் ஓம் என்பதை நான் உனக்கு எழுதுவேன், நீ அச்சிடுவாய், அது முறைப்படி சம்மதமாகவே இருக்கும். அவளுடைய வீட்டுக்குள் நாங்கள் இரண்டாம் தரம் புகுந்ததாகவும் இருக்கும்.

புரட்டாதியில் சந்தோஷமாக எடுத்துக்கொள் என்றாள். அந்த ஓம் உண்மையானது. அப்போது அந்த இருபத்திரண்டையும் நீ வாசிக்கவே இல்லை. இப்போது வாசித்துவிட்டு அழுகிறாய். நீ அழுதாய் என்று படித்தபோது நானும் குசினியில் நின்று அழுதேன். அம்புறோஸ் என்னவென்று கேட்க, வெங்காயம் என்றேன். உனக்குப் பிடிக்கவேண்டும் என்றுதான் ஒவ்வொரு சொல்லையும் தேடினேன், தவம். பிடித்துவிட்டது. இந்த நேரத்தில் போய்ப் பிடித்திருக்கிறதே என்று எனக்கு வருகிற ஆத்திரத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது?

கொக்குவில் பெண்ணுக்கும் மன்னார்ப் பெண்ணுக்கும் எதிராக வைக்க என்னிடம் நியாயம் இல்லை. அவர்களைக் கேட்டால் நீ செய்தது சரி என்றுதான் சொல்வார்கள். நானும் அவர்களாக இருந்தால் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நான் காசு மேசையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் இப்போது ஒரு ஹெயிட்டிக்காரப் பெடியன் மருந்து எடுத்துத் தருகிறான். நல்ல பெடியன். திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் அவன்தான் நிற்கிறான்.

அந்தத் தாள்கள் உன் கையில் இருக்கின்றன. அச்சகம் உன்னுடையது. இங்கிருந்து நான் ஒன்றையும் தடுக்க முடியாது. அச்சிடாதே. உன் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவவுக்கு வாசித்துக் காட்டு. ஆசைப்பட்டால் அந்த உயர்தர வகுப்புப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. அச்சிட மட்டும் வேண்டாம்.

இதற்கு நீ பதில் எழுதவேண்டாம். உன் அடுத்த கட்டு வந்ததும் அந்தப் புட்டுமாக் கடைக்குப் போய், காசு மேசைக்கு முன்னால் என்ன தொங்குகிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.

மெற்றில்டா